எழுபத்தாறில் ஒரு பங்கு திருட்டு

பல்செட்டுக்காரருக்குச் சந்தேகம் பிறவிக் குணம் அல்ல, தொழில் பழக்கம். இருபத்தெட்டு வருடமாகப் பல் ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில் உட்கார்ந்து, அடுத்தவர் வாயின் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு பல் செட் செய்து தருகிறார். வாய் விஷயத்தில் மனிதர்கள் உண்மை பேசுவதில்லை என்பது அவர் கண்ட முடிவு. ‘ரொம்ப நல்லா உட்கார்ந்திருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போகிறவர், செட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் படி இறங்குவார்.

ஒரு தடவை அவர் வீட்டு டப்பாவில் பாதி கடித்த பிஸ்கட் ஒன்று கிடந்தது. அதை அறைக்கு எடுத்துப் போய் மெழுகில் அச்செடுத்தார். மேல் வரிசை, இடது பக்கம், இரண்டாவது பல் லேசாகத் திரும்பியிருந்தது. கடித்தது மனைவியின் தம்பி என்று அச்சைக் காட்டி நிரூபித்தார். மைத்துனர் அதன் பிறகு இரண்டு வருடம் அந்த வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

“ஒரு பிஸ்கட்டுக்காகவா என் தம்பிய விரட்டுனீங்க?” என்றாள் மனைவி.

“பிஸ்கட் போனா போகுது. நான் கடிக்கலன்னு சொன்னான் பாரு, அதுக்கு.”

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு பொழுதுபோக்கு. பஸ் செய்வது. நிஜ பஸ்ஸை எழுபத்தாறால் வகுத்தால் என்ன வருமோ அந்த அளவு. உள்ளங்கையில் அடங்கும். பல் செட்டுக்குக் குழைத்த பிசினில் மிஞ்சியதைக் கொண்டு கூண்டு கட்டுவார், பல் இழைக்கும் மிஷினாலேயே ஜன்னல் அறுப்பார். அதனால் அவர் செய்த பஸ் எல்லாமே முதலில் ஈறு நிறத்தில் பிறந்து, பிறகுதான் பெயின்டுக்கு மாறும்.

இதே கிறுக்குப் பிடித்தவர்கள் ஊரில் பதினொரு பேர் இருந்தார்கள். சங்கம் வைத்து, மாதம் ஒரு ஞாயிறு நூலக மாடியில் கூடினார்கள். பதினொன்றாவது ஆள் அவருடைய சொந்தச் சம்பந்தி, மகளின் மாமனார். ஓய்வு பெற்ற சர்வேயர். வாயைத் திறந்தால் அளவு மட்டுமே பேசுகிறவர். அவர் செய்வதெல்லாம் பாலம். வருடத்துக்கு ஒரு பாலம், தீக்குச்சியில்.

அந்த வருடம் பல்செட்டுக்காரர் எடுத்துக்கொண்டது பழைய பதினாலாம் நம்பர் பஸ். கூண்டு சுலபம். எழுத்துதான் கழுத்தை அறுக்கும். அரிசி அகலமுள்ள போர்டில் எந்தப் பிரஷ்ஷால் எழுதுவது? அதற்குத்தான் டிகால். ஒருபக்கம் பசை தடவிய தனித் தாளில், வீட்டு பிரிண்டரிலேயே எழுத்தை அடிக்க வேண்டும். காயவிட்டு, மேலே வார்னிஷை மூன்று தடவை மெல்லிசாகத் தெளிக்க வேண்டும். தெளிக்க மறந்து தண்ணீரில் போட்டால் மை கரைந்து, கிண்ணத்தில் நீலத் தண்ணீர்தான் மிஞ்சும். தெளித்திருந்தால், வெட்டி எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டதும் எழுத்து மட்டும் மெல்லிய தோலாகத் தாளைவிட்டு வழுக்கி வரும். அதை பஸ்மேல் நகர்த்தி உட்காரவைத்து, ஒரு சொட்டு வினிகர் வைத்தால் மேடு பள்ளம் பார்த்துப் படிந்துகொள்ளும். பிரிண்டரிடம் எல்லா நிறமும் உண்டு, வெள்ளை மட்டும் கிடையாது. அதனால் வெள்ளை எழுத்து வர வேண்டிய இடத்தில் முதலில் வெள்ளைப் பெயின்ட் அடித்துவிட்டு, சுற்றியுள்ள கறுப்பைத்தான் ஒட்ட வேண்டும்.

இதையெல்லாம் ஏழு மாதம் செய்தார். கழித்துக்கட்டிய வண்டிகள் நிற்கும் கொட்டகைக்குப் போய் அந்த பஸ்ஸைப் படம் எடுத்து வந்தார். முன் போர்டில் ‘ஆலை வாசல்’ என்று இருக்கும். அதில் ‘வா’வின் வயிற்றில் யாரோ ஓர் ஆணி அடித்திருந்தார்கள். அந்த ஆணித்தலையையும் விடாமல் புள்ளியாக வரைந்தார். உலகத்தில் வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள் என்று அவருக்கு நிச்சயம்.

லேப்டாப் மகளுடையது. அவள் புதிது வாங்கியதும் பழையதை அப்பாவுக்குக் கொடுத்திருந்தாள். பிரிண்டர் மாப்பிள்ளை வாங்கித் தந்தது. அச்சடிக்கப் போனால், திரையில் ஒரே பிரிண்டரின் பெயர் இரண்டு வரியாக வந்து நிற்கும். முதல் வரியை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இரண்டாவதை அழுத்தினால் தாள் வரும். பல்செட்டுக்காரர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. எந்தச் செட்டும் முதல் தடவை வாயில் சரியாக உட்காராது. இரண்டாம் தடவைதான். மிஷினுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? முதல் அழுத்தை வெள்ளோட்டம் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தாளுக்கும் இரண்டையும் ஒழுங்காக அழுத்தி வந்தார்.

கண்காட்சிக்கு இரண்டு மாதம் இருக்கும்போது, சங்கக் கூட்டத்தில் சம்பந்தி ஒரு செருப்பு டப்பாவைத் திறந்தார். உள்ளே பாலம் இல்லை. பஸ் இருந்தது. பதினாலாம் நம்பர் பஸ். ஆலை வாசல்.

“எப்படி இருக்கு சம்பந்தி?” என்று கேட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் சர்வேயர்.

பல்செட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். ‘வா’வின் வயிற்றில் ஆணித்தலை.

“நல்லா... உட்கார்ந்திருக்கு” என்றார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. “சம்பந்தி இங்க எத்தனை தடவை வந்தாரு?” என்றார் மனைவியிடம்.

“போன மாசம் ஒரு தடவை. நீங்களும்தானே இருந்தீங்க.”

“என் ரூமுக்குப் போனாரா?”

“கை கழுவப் போனாரு.”

“கை கழுவ எவ்வளவு நேரம் ஆச்சு?”

“அய்ய, நான் என்ன வாசல்ல நின்னு மணி பாத்துட்டா இருந்தேன்?”

அன்றிலிருந்து துப்பறிதல் தொடங்கியது. அறைக்குப் புதுப் பூட்டு போட்டார். தாழ்ப்பாளில் தலைமுடி ஒன்றை ஒட்டிவைத்தார். தலையில் மிச்சமிருந்தது குறைவு என்பதால் இது தியாகத்தில் சேர்த்தி. தரையில் முகப்பவுடர் தூவினார். அதில் மறுநாள் அவருடைய காலடியே பதிந்து கிடக்க, அதை அளந்து பார்த்து, தன்னுடையதுதான் என்று உறுதி செய்தபிறகே நிம்மதியானார். இவ்வளவுக்கும் பிறகு பஸ்ஸின் பின்பக்க விளம்பரத்தை அடித்தார். பன்னிரண்டே நாளில் அதே விளம்பரம் சம்பந்தியின் பஸ்ஸிலும் ஏறிவிட்டதாகச் சங்கச் செயலாளர் போனில் சொன்னார்.

“உங்களோடதைவிட ஒரு மயிரிழை நேரா ஒட்டியிருக்காருங்க” என்று வேறு சேர்த்துக்கொண்டார்.

பூட்டின வீட்டில் திருட்டு என்றால் உள்ளாள் வேலை. மனைவியைக் கொஞ்ச நாள் உற்றுப் பார்த்தார். அவள் பதிலுக்கு உற்றுப் பார்த்ததில் அந்த விசாரணை முறிந்தது. மிஞ்சியது மகள். அவள் இரண்டு வீட்டுக்கும் போகிறவள், வருகிறவள். பெரிய கைப்பை வைத்திருப்பவள்.

அடுத்த வாரம் அவள் வந்தபோது, “பையில என்னம்மா?” என்றார்.

“என்னப்பா?”

“சும்மா கேட்டேன். தாள் கீள் ஏதாவது...”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஆணித்தலை, தலைமுடி, முகப்பவுடர். மகள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றாள்.

“அப்பா, சித்த கேளுங்க. மாமா முப்பத்தஞ்சு வருஷம் நிலம் அளந்தவரு. ஒரு அடி மண்ணை இந்தப் பக்கம் தள்ளுனதில்ல. அவரைப் போய் உங்க ஒட்டுத்தாளைத் திருடறாருங்கறீங்க.”

“ஆணித்தலை எப்படிம்மா வந்துச்சு?”

“எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு. கண்காட்சியில நாலு பேர் முன்னால மாமாவைத் திருடன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை விட்டீங்கன்னா, நான் இந்த வாசலை மிதிக்க மாட்டேன். அங்க நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு நடமாடறது? அம்மாவோட தம்பியை விரட்டுன மாதிரி என்னையும் விரட்டாதீங்க.”

சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டாள். ஒரே மகள். பல்செட்டுக்காரருக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. மூன்றாம் நாள் யோசனை வந்தது. அவள் போட்ட நிபந்தனை அவர் வாயைப் பற்றியது. அவர் வாயைத் திறக்கப்போவதில்லை. பஸ்ஸே பேசட்டும்.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்’ என்று ஓர் அறிவிப்பு உண்டு. எழுபத்தாறில் ஒரு பங்கில் அது கடுகின் பாதி. அந்த அளவுக்குள், அதே நிறத்தில், அதே கட்டத்துக்குள் ‘இது திருட்டு பஸ். செய்தவர் திருடர்’ என்று எழுதினார். வெறும் கண்ணுக்கு அது அறிவிப்பு மாதிரியேதான் தெரியும். வீட்டு பிரிண்டரால் அவ்வளவு சின்ன எழுத்தை அடிக்க முடியாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் சந்தேகத்தோடு அச்சடித்துப் பார்த்ததில்லை. தெளிவாக வந்தது. தன் பஸ்ஸில் நல்ல அறிவிப்பை ஒட்டிக்கொண்டார். புதுத்தாளை, திருடனின் கண்ணில் படும்படி, மேஜைமேல் விரித்துவைத்தார்.

கண்காட்சிக்கு நடுவர் கண் டாக்டர். நாலாவது வரிசை எழுத்து தெரியவில்லை என்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர். சங்கத்துக்கு வந்தால் லென்ஸ் வைத்து ஒரு புள்ளி விடாமல் படித்துத் தாகம் தீர்த்துக்கொள்வார். சத்தம் போட்டுப் படிக்கும் வழக்கமும் உண்டு.

ஒரு வாரத்துக்குப் பிறகு, பல்செட்டுக்காரர் சம்பந்தி வீட்டுக்கு ஏதோ வேலையை உண்டாக்கிக்கொண்டு போனார். அலமாரியில் பஸ் நின்றது. பேச்சுவாக்கில் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் குனிந்தார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஏறிவிட்டது. ‘செய்தவர் திருடர்.’ பல்செட்டுக்காரருக்கு வயிறு குளிர்ந்தது.

கண்காட்சி நாள் காலை, ஹாலுக்குக் கிளம்பும் முன் தன் பஸ்ஸின் முன்னால் வைக்கப் பெயர் அட்டை ஒன்று அடித்தார். வெள்ளோட்டம் ஒன்று, நிஜம் ஒன்று. அட்டையை வெட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. மகள்.

“அப்பா, மாமா ரூம்ல பிரிண்டர் தானா ஓடுது. அவரு ஹாலுக்குப் போயிட்டாரு. வீட்ல நான் மட்டும்தான்.”

“ஓடட்டும்மா, எனக்கு நேரமாச்சு.”

“உங்க பேரு வருதுப்பா. ‘பழைய பதினாலாம் நம்பர் பஸ், செய்தவர்’ன்னு போட்டு உங்க பேரு. அதுவும் அந்த வழுக்குத் தாள்ல. மாமா எப்பவும் அதைத்தான் உள்ள வச்சிருக்காரு.”

பல்செட்டுக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “உங்க பிரிண்டர் என்ன ரகம்?”

“உங்களோடதேதான். ரெண்டு வீட்டுக்கும் வித்தியாசம் வேண்டாம்னு உங்க மாப்பிள்ளை ஒரே நாள்ல ஒரே கடையில வாங்கினாரே. எங்கிருந்து அனுப்பினாலும் அடிக்கும். அந்தப் பழைய லேப்டாப் என்கிட்ட இருந்தப்ப, நான்கூட ஆபீஸ்ல இருந்தே இங்க அனுப்புவேனே... அப்பா? லைன்ல இருக்கீங்களா?”

இருந்தார். திரையில் இரண்டு வரி தெரிந்தது. ஒன்றுக்குக் கீழ் ஒன்று, ஒரே பெயர்.

ஏழு மாதமாக ஒவ்வொரு தாளையும் முதல் அழுத்தில் சம்பந்தி வீட்டுக்கு அவரே அனுப்பியிருக்கிறார். கையோடு, ‘நீ திருடன்’ என்றும் எழுதி அனுப்பியிருக்கிறார். இன்னும் ஒரு மணி நேரத்தில் கண் டாக்டர் அதை ஊர் கேட்கப் படிக்கப்போகிறார். மகள் வாசலை மிதிக்க மாட்டாள்.

ஹாலுக்கு அவர் போன வேகத்தைப் பார்த்தவர்கள், பதினாலாம் நம்பர் பஸ்ஸே ஓடிய காலத்தில்கூட அந்தச் சாலையில் அப்படி எதுவும் போனதில்லை என்றார்கள்.

ஹாலில் மேஜைகள் வரிசையாக இருந்தன. கண் டாக்டர் மூன்றாவது மேஜையில், ஒரு கிரேனின் பல்சக்கரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். சம்பந்தியின் பஸ் ஐந்தாவது மேஜை. சம்பந்தியைக் காணோம். பல்செட்டுக்காரர் பெயர் அட்டை ஒட்டக் கொண்டுவந்த டேப்பில் நகமளவு கிழித்தார். வீட்டில் அடித்த டிகாலுக்கு டேப் எமன். எவ்வளவு வார்னிஷ் தெளித்தாலும் அழுத்தி இழுத்தால் வந்துவிடும். அதை இடுக்கியில் பிடித்து பஸ் ஜன்னல் வழியாக விட்டார், வைத்தார், அழுத்தினார், இழுத்தார். கடுகின் பாதி டேப்போடு வந்துவிட்டது.

“ஐயா! என்ன பண்றீங்க?”

செயலாளர். அவர் குரலுக்கு எந்த ஹாலிலும் மைக் தேவைப்பட்டதில்லை. பதினொரு பேரில் எட்டு பேர் திரும்பினார்கள். பார்க்க வந்த கூட்டமும் திரும்பியது.

“ஒண்ணுமில்ல” என்றார் பல்செட்டுக்காரர்.

“சம்பந்தி பஸ்ல எதையோ பிச்சீங்களே. நான் கண்ணால பாத்தேனே.”

“தூசி.”

“தூசியா? குடுங்க பாக்கலாம்.” கண் டாக்டர் ஆசையோடு கையை நீட்டினார். லென்ஸ் கண்ணுக்குப் போய்விட்டது.

கூட்டத்துக்குப் பின்னால் சம்பந்தி வந்து நின்றார். அவருக்குப் பின்னால், ஆட்டோவில் வந்த வேர்வையோடு மகள். கையில் ஒரு வழுக்குத் தாள்.

பல்செட்டுக்காரர் மகளைப் பார்த்தார். டாக்டரின் கையைப் பார்த்தார். டேப்பை வாயில் போட்டு விழுங்கினார்.

சங்கத்தின் வரலாற்றில் பஸ்ஸைக் கீழே போட்டவர்கள் உண்டு, உட்கார்ந்து நசுக்கியவர் உண்டு. இன்னொருவர் பஸ்ஸில் ஒரு பகுதியைத் தின்றவர் அவர்தான். டேப் தொண்டையில் ஒருமுறை ஒட்டிக்கொண்டு, யோசித்து, பிறகு இறங்கியது.

“நான்தான் எடுக்கச் சொன்னேன்” என்றார் சம்பந்தி. “கோணலா உட்கார்ந்துடுச்சு. அரை மில்லிமீட்டர்.”

சர்வேயர் அளவு சொன்னால் மறுபேச்சு ஏது? கூட்டம் கலைந்தது. செயலாளருக்கு மட்டும் மனசே ஆறவில்லை.

“தின்னவுமா சொன்னீங்க?” என்று கேட்டுக்கொண்டே போனார்.

சம்பந்தி பல்செட்டுக்காரரை வராந்தாவுக்கு அழைத்துப் போய், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

“சம்பந்தி, நான் ஒண்ணு சொல்லணும்...” என்று ஆரம்பித்தார் பல்செட்டுக்காரர்.

“முதல்ல நான் சொல்லிடறேன். முதல் தாள் வந்தப்ப பயந்துதான் போனேன். ஆளில்லாத ரூம்ல மிஷின் ஓடுது. பிளக்கைப் பிடுங்கிட்டு ஒரு மணி நேரம் வெளிய உக்காந்திருந்தேன். அப்புறம் லென்ஸ் வச்சுப் பாத்தா, ஆணித்தலை. இந்த ஊர்ல ஆணித்தலையை விடாம வரையறவரு வேற யாரு? சரி, சம்பந்தி நமக்குன்னு அனுப்பறாரு, வாய்விட்டுச் சொல்ல மாட்டேங்கறாருன்னு புரிஞ்சுது. சொல்லாம செய்யறவர்கிட்டப் போய் நன்றி சொன்னா நல்லாவா இருக்கும்? அதான் பாலத்தை விட்டுட்டு, மிஷினுக்குள்ள வழுக்குத் தாளை வச்சு, வந்த எழுத்துக்கு ஏத்த பஸ்ஸையே கட்டிக் கொண்டாந்து உங்ககிட்ட காட்டினேன்.”

பல்செட்டுக்காரர் பாட்டிலை வாயிலிருந்து எடுக்கவில்லை. எடுத்தால் பேச வேண்டியிருக்கும்.

“நீங்க நல்லா உட்கார்ந்திருக்குன்னு மட்டும் சொன்னீங்க. எனக்கு அது போதும்னு பட்டுச்சு.”

தண்ணீர் தீர்ந்துவிட்டது. “அந்தக் கடைசித் தாள்...” என்றார்.

“திருட்டு பஸ்தானே? படிச்சேனே. அன்னைக்குப் பூரா சிரிச்சேன். நம்ம டாக்டர் சத்தம் போட்டுப் படிப்பாரு, ஹாலே சிரிக்கட்டும்னுதான் ஒட்டினேன். அருமையான தமாஷைத் தின்னுட்டீங்களே.”

சம்பந்தி சிரித்து யாரும் பார்த்ததில்லை. இப்போதும் அவர் சிரிக்கவில்லை. நிலத் தகராறுகளில் இரண்டு பக்கத்துப் பொய்யையும் முப்பத்தைந்து வருடம் கேட்டு, நடுவில் அமைதியாகக் கல் நட்டு வந்த முகம் அது. பல்செட்டுக்காரர் அந்த முகத்தையே பார்த்தார். இந்த ஆள் நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாரா, இல்லை இப்போது நட்ட கல்லா? ஒரு கேள்வி கேட்டால் போதும், பிடித்துவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள் மகள் வராந்தாவுக்கு வந்துவிட்டாள்.

“மாமா, இந்தத் தாள்...”

“உங்கப்பா ஏழு மாசமா எனக்கு அனுப்பிட்டிருக்காரும்மா. உனக்குத் தெரியாதா?”

மகள் தாளைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். காலையில் போனில் அவர் பேச்சற்று நின்றது அவளுக்குத் தெரியும். அவள் கணக்கிலும் கெட்டிக்காரி. ஆனாலும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “ஞாயித்துக்கிழமை நாங்க எல்லாரும் வீட்டுக்கு வர்றோம்பா. அம்மாகிட்ட சொல்லிடுங்க” என்றாள்.

“வாங்கம்மா” என்றார் பல்செட்டுக்காரர். கேள்வி டேப்பைப் பின்தொடர்ந்து உள்ளே போயிற்று.

பரிசு கிரேனுக்குப் போனது. வீட்டில் மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். சம்பந்திக்கு அவர் ஏழு மாதமாகச் சத்தமில்லாமல் டிகால் அனுப்பி உதவிய கதையைக் கேட்டபோது, நறுக்கிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

“யாரு, நீங்களா?”

“ஏன், நான் அனுப்பக் கூடாதா?”

“யாருக்கும் சொல்லாமலா?”

“ஆமா.”

முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவள். நாற்காலியை இழுத்து அவர் எதிரில் போட்டு, உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டாள்.

“ம். முதல்லேர்ந்து சொல்லுங்க” என்றாள்.